காட்டுக்காரருக்குக் கொடுத்த பெட்டிசம்

எங்கள் டெனிஷ் வகுப்பு ரீச்சர், வரும் வெள்ளிக்கிழமை எல்லோரையும் பைன் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், இரண்டு இரவு கூடாரத்தில் படுப்போம் என்று சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை. காட்டில் படுப்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒருவர் மன்னார்ப் பக்கத்துப் பற்றைக்குள் மூன்று இரவு கிடந்து வள்ளம் ஏறினவர். நானும் என் கணவரும் ஜேர்மனி எல்லையில் மரங்களுக்குள் நடந்து, நனைந்து, குந்தியிருந்து, திரும்ப நடந்துதான் இந்த நாட்டுக்குள் வந்தோம். ரீச்சருக்கு இதெல்லாம் ஓரளவு தெரியும். ஆனாலும் அவருக்குக் காடு என்றால் சந்தோசம். கக்கூஸ் இல்லை, குழாய் இல்லை, லைட் இல்லை, ஒன்றுமே இல்லை, அதுதான் அங்கே அழகு என்று கையை விரித்துச் சொன்னார்.

பின் வரிசையிலிருந்து கரவெட்டி அண்ணை தமிழில் சொன்னார்: "ஒண்டுமே இல்லையெண்டுதானே ரீச்சர் நாங்கள் அங்கையிருந்து வெளிக்கிட்டு வந்தனாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். ரீச்சரும் விளங்காமலே சேர்ந்து சிரித்தார். அத்துடன் போவதென்று முடிவாகிவிட்டது.

நாங்கள் இருந்த சில்க்போர்க் நகரத்தில் அந்த நாளில் தமிழ்ப் பெண்கள் குறைவு. வகுப்பில் நான் ஒருத்திதான். மற்ற எட்டுப் பேரும் ஆண்கள், என் கணவரும் அதில் ஒருவர். மிச்சப் பேரில் அனேகம் பேர் மனைவியைக் கூப்பிட எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள். நாங்கள் மகளைக் கூப்பிட எழுதிப்போட்டிருந்தோம்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவளுக்குப் பதினைந்து வயது, பள்ளிக்கூடச் சோதனைக்கு நாலு மாதம் இருந்தது. சோதனையை எடுக்கட்டும், ஆறு மாதத்தில் கூப்பிட்டுவிடலாம் என்று எங்களை வெளியில் அனுப்பின ஏஜென்ட் சொன்னான். நாங்களும் அதையே ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, அவளை என் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். இங்கே அகதி என்று ஏற்றுக்கொண்டதும் விண்ணப்பம் போட்டோம். பிறகு ஒன்றும் இல்லை. அகதி விண்ணப்பம் பார்க்கும் கந்தோரில் போய்க் கேட்டால், பார்க்கிறார்கள், பொறுங்கள் என்பார்கள். இரண்டு வருடத்துக்கு மேலாகப் பொறுத்தோம். வரும் கார்த்திகையில் அவளுக்குப் பதினெட்டு முடியும். முடிந்தால் அவள் பிள்ளைக் கணக்கில் இல்லை, பெரிய ஆள், பிறகு கூப்பிட ஏலாது என்று கண்டவர் எல்லோரும் சொன்னார்கள். ரீச்சர் காட்டுக்குக் கூப்பிட்டது ஆவணியில்.

எனக்குப் போக மனமில்லை. சனிக்கிழமையும் தபால் வரும். நான் இல்லாத நாளில் அந்தக் கடிதம் வந்தால் என்ன செய்வது?

"வந்தால் பெட்டிக்குள்ள கிடக்கும். கடிதம் என்ன எழும்பித் திரும்பிப் போயிடுமே?" என்றார் கணவர். அவர் மரத் தொழிற்சாலையில் இரவு வேலை. கண் எப்போதும் சிவந்திருக்கும். "ரெண்டு நாள் அந்தப் பெட்டியைப் பாக்காமல் இரப்பா. உன்னைப் பாக்க எனக்குக் களைக்குது."

பெட்டிசத்தைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். கரவெட்டி அண்ணை ஊரில் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், கிளாக்கராக இருந்தவர். அவர் எனக்கு இங்கிலீசில் ஒரு பெட்டிசம், மகளை வர விடச் சொல்லி ஒரு மனு, எழுதித் தந்திருந்தார். ஒரு தாள் நிறைய, நல்ல வடிவான எழுத்து. மாட்சிமை தங்கிய ஐயா அவர்களின் பாதத்தில் மிகத் தாழ்மையுடன் என்று தொடங்கி, ஐயா அவர்களின் இரக்கத்துக்காக என்றென்றும் மன்றாடும் என்று முடியும். எங்கள் ஊரில் பெரிய மனிதர் யாராவது வந்தால், ஏ.ஜி.ஏ. மாதிரி அரசாங்க அதிகாரி ஆனாலும் பிஷப் ஆனாலும், கையில் ஒரு பெட்டிசத்துடன் வழியில் நிற்பது வழக்கம். என்னைப் பெற்ற ஐயா அப்படி நின்றுதான் எங்கள் ஒழுங்கைக்குக் கிணறு வாங்கினார். எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. தமிழிலேயே வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஒரு புது முகத்தைக் கண்டால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிடும். தாள் என்றால் நான் வாய் திறக்கத் தேவையில்லை. இரண்டு கையாலும் நீட்டிவிட்டு ஒதுங்கி நிற்கலாம்.

அப்படி நான் அதைப் பல பேருக்குக் கொடுத்திருக்கிறேன். பல் வைத்தியருக்குக் கொடுத்தேன், அவர் பற்களைப் பற்றிய தாள் என்று நினைத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். நான் துப்புரவு வேலை செய்த முதியோர் இல்லத்தின் பொறுப்பான அம்மாவுக்குக் கொடுத்தேன். பஸ்ஸில் டிக்கெட் பார்க்க வந்த தொப்பிக்காரருக்கும் ஒருநாள் கொடுத்துவிட்டேன். கணவர் அன்றைக்கு என்னை ஏசினார்.

அந்தப் பெட்டிசப் பிரதிகளும், மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மூலமும், அவளுடைய ஞானஸ்நானத் துண்டும், எங்கள் தாள்களும் ஒரு நீலப் பிளாஸ்டிக் பைலில் இருக்கும். அந்தப் பைலை நான் வீட்டில் விட்டுவிட்டு ஒரு இரவுகூடப் போனதில்லை. ஓடிப் பழகின ஆட்கள் தாள்களை விட்டுவிட்டு வெளிக்கிட மாட்டோம். காட்டுக்கும் கொண்டுபோனேன். அரிசி, கோழி, மிளகாய்த்தூள், பெரிய சட்டி, இரண்டு போர்வை, பைல்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை முதியோர் இல்லத்தில் அறைகள் துடைத்துவிட்டு, குனிந்து குனிந்து பிடித்த அந்த நாரி நோவுடனேயே பஸ் ஏறினேன். நகரத்துக்குத் தெற்கே இறங்கி, மணல் பாதையால் முக்கால் மணித்தியாலம் நடை. கூடாரங்கள் தேவாலயத்தின் கீழறையில் கிடந்த பழைய கன்வஸ் கூடாரங்கள், ஊத்தைப் பச்சை, புழுங்கல் மணம். ஆண்கள் பங்குபோட்டுத் தூக்கினார்கள்.

பைன் மரங்களை யாரோ நூல் பிடித்து நட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வரிசை. கீழே ஊசி இலைகள் மெத்தைபோலக் கிடந்தன, நடந்தால் சத்தம் இல்லை. மரத்திலிருந்து வடிந்த பாலைத் தொட்டால் கையில் ஒட்டி, எவ்வளவு கழுவினாலும் போகாது. காடு ஒரு தனி ஆளுக்குச் சொந்தம். ரீச்சர் அவரிடம் உத்தரவு கேட்டிருந்தார். அவர் சில நிபந்தனை சொல்லியிருந்தார். நெருப்பு, கல் அடுக்கின வட்டத்துக்குள் மட்டும். ஒதுங்கப் போவதென்றால் சின்ன மண்வெட்டியால் குழி வெட்டி மூடவேண்டும். கொண்டுபோன குப்பை அவ்வளவும் திரும்ப வரவேண்டும். கூடாரங்கள் ஓரிடத்தில் ஒன்றுக்கு மேல் நிற்கக்கூடாது, ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி காட்டுக்குள் தள்ளித் தள்ளி நிற்கவேண்டும். நிலம் மிதிபடாமல் இருக்க வேண்டுமாம். ரீச்சர் இதையெல்லாம் இரண்டு தரம் சொல்லிவிட்டு, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது ஆறு கூடாரமும் நெருப்பைச் சுற்றி வட்டமாக நின்றன. வாசல்கள் எல்லாம் உள்ளே பார்த்தபடி. நடுவில் சட்டியில் கோழி கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் இப்படி அடிப்போம் என்று பேசி வைக்கவில்லை. ஒருவர் அடித்த கூடாரத்துக்குப் பக்கத்தில் மற்றவர் அடித்தார், அவ்வளவுதான்.

ரீச்சர் தலையில் கை வைத்தார். "நான் என்ன சொன்னேன்? தள்ளி, தள்ளி!"

"பாருங்கோவன் அநியாயத்தை," என்றார் கரவெட்டி அண்ணை, அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடி. "பெண்சாதி பிள்ளையளைப் பிரிச்சு வச்சது காணாதாம். இப்ப கூடாரத்தையும் பிரிக்கட்டாம்."

"அண்ணை, நீர் குறட்டை விடுறதுக்கு உம்மை அடுத்த நாட்டிலதான் பிரிச்சு வைக்கவேணும்," என்றார் ஒருவர்.

"என்ர மனிசி பன்ரண்டு வருசம் கேட்ட குறட்டை. அவளைக் கொண்டுவந்து விடுங்கோ, உங்களுக்கு ஏன் தொந்தரவு?"

சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் எல்லோரும் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாளில் எங்கள் சிரிப்பு அப்படித்தான் முடியும்.

அப்போதுதான் காட்டுக்காரர் வந்தார். பின்னேரம் ஆறு மணி இருக்கும், ஆனால் வெயில் இன்னும் மரங்களுக்கு மேலே நின்றது. பச்சை ஜக்கெட், பச்சைத் தொப்பி, முழங்கால் வரை சப்பாத்து, பக்கத்தில் ஒரு நாய். எழுபது வயது இருக்கும், நிமிர்ந்த நடை. அவரைக் கண்டதும் நாங்கள் எல்லோரும் எழும்பி நின்றோம். ஒருவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு அடையாள அட்டையை எடுத்தே விட்டார்.

எனக்கு அந்தப் பச்சை உடுப்பு மட்டும்தான் தெரிந்தது. இவ்வளவு காடும் இவருடையது, ரீச்சரே இவரிடம் உத்தரவு கேட்கிறார், அப்படியென்றால் இவர் பெரிய ஆள். கை தன்பாட்டில் பைக்குள் போனது. பைலை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டி, தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அவர் வாங்கினார். கண்ணாடியைப் போட்டார். மேலே இருந்த பெட்டிசத்தை நின்ற நிலையில் வாசித்தார். அவர் இளவயதில் கப்பலில் வேலை செய்தவராம், இங்கிலீசு தெரியும். அதுவரை யாரும் அந்தத் தாளை அடிவரை வாசித்து நான் கண்டதில்லை. வாசித்து முடித்து என்னைப் பார்த்தார். என் கண் நிலத்தில் இருந்தது. பிறகு ரீச்சரிடம் கூடாரங்களைக் காட்டி, இது சரிவராது, இருட்ட முன்னம் பிரித்துக்கொண்டு போங்கள் என்று சாந்தமாகச் சொன்னார். என்னிடம் "தக்" என்று நன்றி சொன்னார். பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நாயைக் கூப்பிட்டு, மரங்களுக்குள் போய்விட்டார்.

எனக்கு உடம்பு இலேசானதுபோல இருந்தது. ஒரு பெரிய ஆள் வாங்கிவிட்டார். நான் போய்க் கோழிச் சட்டியைக் கிண்டினேன்.

கூடாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த கணவர் கேட்டார்: "பைல் எங்கை?"

"குடுத்தனான்."

"பெட்டிசத்தைத்தானே குடுத்தனி? பைல் எங்கை எண்டு கேக்கிறன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊரில் என்றால் பெரியவர் வாசித்துவிட்டுத் தாள் கட்டைத் திருப்பித் தருவார், அல்லது பக்கத்தில் நிற்கிற கிளாக்கர் பிரதியை எடுத்துக்கொண்டு மூலத்தைத் தருவார். இந்த மனிதனுக்கு அது தெரியுமா? இரண்டு கையாலும் ஒன்றைக் கொடுத்தால் அது தனக்குத் தந்தது என்றுதானே நினைப்பார்.

"பிறப்புப் பத்திரம் அதுக்குள்ள," என்றேன்.

கணவர் கூடாரத் தடியைக் கீழே போட்டார். "அங்கை கச்சேரி எரிஞ்சு போச்சு. இனி ஒரு பிரதி எடுக்க ஏலாது தெரியுமே? அவளுக்குப் பதினெட்டு ஆகேல்லை எண்டு காட்ட எங்களிட்டை இருந்தது அந்த ஒரு துண்டுதான்." அவருடைய குரல் எழும்பவில்லை. எழும்பியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "வாய் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே. பைலைத் தாங்கோ எண்டு. ஒரு சொல்லு."

நான் நின்றேன். ரீச்சர் வந்து என்னவென்று கேட்டுவிட்டு, அவர் நல்ல மனிதர், ட்ராக்டர் ஓடின பாதையால் நேரே போனால் சிவப்பு வீடு, நாளைக்கு மத்தியானம் நான் போய் வாங்கித் தருகிறேன் என்று ஆறுதல் சொன்னார். நாளைக்கு மத்தியானம் எனக்கு வெகு தூரமாக இருந்தது.

கூடாரங்கள் காட்டுக்குள் சிதறிப் போயின. எங்களுடையதை ஒரு சரிவில் அடித்தோம். அங்கிருந்து பார்த்தால் எந்தப் பக்கமும் ஒரு ஆள் இல்லை. கோழிக்கறியை அவரவர் தட்டில் வாங்கிக்கொண்டு போய்த் தனித்தனியே தின்றார்கள். இரவு மழை தூறியது. உள்ளிருந்து கன்வஸைத் தொடக்கூடாது, தொட்ட இடத்தால் ஒழுகும் என்று ரீச்சர் சொல்லியிருந்ததால் நான் கையைக் காலை ஒடுக்கிக்கொண்டு படுத்திருந்தேன்.

விடிந்ததும் எழும்பினேன். கணவர் கிழமை முழுக்க இரவு வேலை செய்த களைப்பில் வாய் திறந்தபடி கிடந்தார். எழுப்ப மனம் வரவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

ஈர மணலில் ட்ராக்டர் தடம் தெரிந்தது. ஆனால் அது ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. நான் பிடித்த பாதை கரவெட்டி அண்ணையின் கூடாரத்தில் போய் முடிந்தது. அவரை எல்லோரையும்விடத் தூரத்தில் தனியே விட்டிருந்தார்கள். மனிதர் சாரத்துடன் ஒரு மரக்குற்றியில் இருந்து, சின்னக் காஸ் அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். நித்திரை கொண்ட முகம் இல்லை.

"எங்கை தங்கச்சி விடியவெள்ளண?"

"சும்மா," என்றேன்.

நான் ஒதுங்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். உடனே முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, "போங்கோ போங்கோ, நான் பாக்கேல்லை," என்று கேத்திலைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. திரும்பி வந்து மற்றத் தடத்தைப் பிடித்தேன்.

ஒரு மணித்தியாலம் நடந்திருப்பேன். மரங்கள் வரிசை வரிசையாக வந்துகொண்டே இருந்தன, ஒரே மரத்தைத் திரும்பத் திரும்பக் கடப்பதுபோல. சொல்லவேண்டிய டெனிஷ் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு போனேன். என் பைல். தயவு செய்து. என் மகள். சிவப்பு வீட்டைக் கண்டதும் எல்லாம் போய்விட்டது.

வேலிப் படலையில் நின்றேன். ஊரில் என்றால் படலையில் நின்று வீட்டுக்காரர் என்று ஒரு சத்தம் போடலாம். இங்கே என்ன சொல்லிக் கூப்பிடுவது? மணியை அமத்தக் கை எழும்பவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, நாய் கண்டு குரைத்தது. ஒரு கிழவி வந்து கதவைத் திறந்தாள், காட்டுக்காரரின் மனைவி. என்னையும் என் ஈரச் சீலைக் கரையையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

குசினி மேசையில் என் பைல் இருந்தது. பிறப்புப் பத்திரம் அதற்குள் அப்படியே இருந்தது. நான் முதலில் அதைத்தான் தொட்டேன். காட்டுக்காரர் பெட்டிசத்தை வெளியே எடுத்து வைத்திருந்தார். அதில் பென்சிலால் கோடு கோடாக வெட்டியிருந்தார். முக்கால்வாசித் தாள் வெட்டுப்பட்டுக் கிடந்தது.

அவர் என்னோடு மெதுவாகவும் உரத்தும் கதைத்தார். முதியோர் இல்லத்தில் கிழங்கள் அப்படித்தான் கதைக்கும், அதனால் எனக்கு முக்கால்வாசி விளங்கியது.

"இதில் ஏன் இவ்வளவு கெஞ்சுகிறீர்கள்?" என்று வெட்டின இடங்களைத் தட்டிக் காட்டினார். "பாதம், இரக்கம், மன்றாட்டு. இது சாமிக்கு எழுதும் கடிதம். உங்கள் மகளுக்குப் பதினெட்டு முடியவில்லை. நீங்கள் இங்கே அகதி. அவள் வரலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. இரக்கம் தேவையில்லை. மறுமொழி தர வேண்டியது அவர்களுடைய கடமை."

நான் பிறப்புப் பத்திரத்தைப் பைலுக்குள் திரும்பத் தள்ளினேன்.

"எனக்கு மரம்தான் இருக்கிறது, என்னால் ஒன்றும் செய்ய ஏலாது," என்றார். "ஆனால் நான் என்றால் இப்படி எழுதுவேன்." ஒரு வெள்ளைத் தாளில் டெனிஷில் நாலு வரி எழுதினார். எழுதி, விரலை வைத்து வாசித்துக் காட்டினார். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்குப் பதினேழு வயது. அவள் என்னிடம் வரச் சட்டம் இடம் தருகிறது. எந்த நாளில் மறுமொழி தருவீர்கள்?

அவ்வளவுதான். ஐயா இல்லை, தாழ்மை இல்லை, நன்றிகூட இல்லை. பெரியவர்களுக்கு முன்னால் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருப்பதுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது. இதை வாசித்தால் அவர்களுக்குக் கோபம் வராதா? கோபத்தில் எங்கள் கோப்பைத் தூக்கி அடியில் போட்டால்? கணவர் பார்த்தால் நிச்சயம் விடமாட்டார். கரவெட்டி அண்ணை பார்த்தால் தன் கச்சேரியையே அவமதித்ததுபோலக் கோபிப்பார்.

கிழவி ஒரு உறையும் முத்திரையும் கொண்டுவந்து வைத்தாள். கோப்பி ஊற்றினாள். காட்டுக்காரர் பேனையை என் பக்கம் தள்ளிவிட்டு, "போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்," என்று சொல்லிவிட்டு எழும்பி யன்னலடிக்குப் போனார்.

நான் தமிழில் கையெழுத்து வைத்தேன். எழுத்தெழுத்தாக, பள்ளிக்கூடத்தில் எழுதினதுபோல. எங்கள் கோப்பு நம்பரைப் பைலில் பார்த்து எழுதினேன். றோட்டு முடக்கில் சிவப்புத் தபால்பெட்டி இருந்தது. அதன் வாயில் கடிதத்தை வைத்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இரண்டு வருடம் தாழ்மையுடன் இருந்தாயிற்று என்று நினைத்தேன். கை விட்டுவிட்டது. உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் திரும்ப எடுக்க முடியுமா என்று குனிந்துகூடப் பார்த்தேன்.

கூடாரத்துக்கு வந்தபோது கணவர் வெளியே நின்று என்னைத் தேடிக்கொண்டிருந்தார். பைலைக் காட்டினேன். வாங்கி, பிறப்புப் பத்திரத்தைப் பார்த்து, நெற்றியில் சிலுவை போட்டார்.

"கேட்டனியோ? வாய் திறந்து?"

"ஓம்," என்றேன். அது பொய். அந்த வீட்டில் நான் கோப்பிக்குச் சொன்ன நன்றியைத் தவிர வேறு சொல் பேசவில்லை. கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மிச்ச நாள் எப்படிப் போனதென்று எனக்குச் சரியாக நினைவில்லை. ரீச்சர் தடியில் மாவைச் சுற்றி நெருப்பில் சுடக் காட்டினார். சிலர் காட்டுக்குள் கறுத்த பழம் பொறுக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை குழிகளை மூடி, ஊசி இலைகளைத் திரும்பப் பரப்பி, குப்பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். வீட்டுத் தபால்பெட்டியில் கடைகளின் விளம்பரத் தாள் மட்டும் கிடந்தது.

புரட்டாதி போனது, ஐப்பசி போனது. ஒரு வரி வரவில்லை. கார்த்திகையில் மகளுக்குப் பதினெட்டு முடிந்தது. அன்றைக்கு ஊரோடு போன் எடுக்க ஏலவில்லை, லைன் இல்லை. நான் முதியோர் இல்லத்தில் அறை அறையாகத் துடைத்தேன். வாளியைத் தூக்கும்போதெல்லாம் ஒன்றுதான் நினைத்தேன்: நான் போட்ட கடிதத்தால்தான். மரியாதையாக இருந்திருந்தால் பார்த்திருப்பார்கள். ஒரு நாளும் வாய் திறக்காதவள், திறந்த ஒரே நாளில் பிள்ளையின் வழியை அடைத்துவிட்டேன். கணவர், "கடவுள் விட்ட வழி," என்று சொல்லிச் சொல்லி முகத்தைத் துடைத்தார். அவருக்குச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல நினைத்தேன். சுவாமி டெனிஷ்காரர், எனக்கு அவ்வளவு சொல் தெரியாது.

அதற்கடுத்த வருடம் ஒரு நாள், எதிர்பாராமல், கடிதம் வந்தது. விண்ணப்பம் போட்ட நாளில் அவளுக்கு இருந்த வயதைப் பார்த்தார்களாம், வரலாம் என்று இருந்தது. ரீச்சர் மூன்று தரம் வாசித்துச் சொன்னார். கரவெட்டி அண்ணையின் மனைவிக்கும் அந்த மாதமே வந்தது.

மகள் வந்தாள். கொப்பன்ஹேகனில் போய்க் கூட்டிவந்தோம். நாங்கள் விட்டுவிட்டு வந்த பிள்ளையைவிட ஒரு சாண் உயரம். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. எங்களோடு கோபித்துக் கத்தினவள் அல்ல. வேலை செய்தாள், பள்ளிக்கூடம் போனாள், டெனிஷைக் கடகடவென்று பிடித்தாள். ஏதாவது சின்னக் காரியத்தில் மனம் நொந்தால் மட்டும் ஒரு வசனம் சொல்வாள்: "சோதனை எடுக்கட்டும் எண்டு விட்டிட்டு வந்தனீங்கள்தானே." சொல்லிவிட்டுப் போய்த் தட்டுக் கழுவுவாள். அவள் சத்தம் போட்டால்கூட எனக்குத் தாங்கும்.

பிறகு டீவியில் அந்தக் கதை வரத் தொடங்கியது. தமிழர் வழக்கு என்றார்கள். ஒவ்வொரு பின்னேரமும் கோட்டுப் போட்ட ஆட்கள் கதைத்தார்கள். எங்களுக்கு வேகமான டெனிஷ் விளங்காது, மகள் சோபாவில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒருநாள் சொன்னாள்:

"தமிழர் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களை எடுக்காமல் விடச் சொல்லி மந்திரியே மேலையிருந்து சொன்னவராம், அப்பா. வருசக் கணக்கா அப்பிடியே அடுக்கி வச்சிருந்ததாம். சட்டப்படி அப்பிடிச் செய்ய ஏலாதாம்."

"எல்லாற்றையுமோ?" என்று நான் கேட்டேன்.

"எல்லாற்றையும்தான்."

கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். வைத்துவிட்டு, அவர்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், டீவியைப் பார்த்தபடி காட்டுக்காரர் வீட்டுக் கதையைச் சொன்னேன். வெட்டின பெட்டிசம், நாலு வரிக் கடிதம், சிவப்புப் பெட்டி எல்லாவற்றையும். என்னால்தான் சுணங்கினது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன் என்பதையும் சொன்னேன்.

"அட விசரி," என்றார் கணவர். "அவங்கள் கோவிக்கிறதெண்டால் முதல்ல வாசிக்கவெல்லோ வேணும்." சொல்லிவிட்டு மூக்கைச் சீறினார். "நானும் உனக்குத் தெரியாமல் மூண்டு பெட்டிசம் போட்டனான். மூண்டிலையும் கால்ல விழுந்தனான். அதுகும் உன்ர கடிதத்துக்குப் பக்கத்திலதான் கிடந்திருக்கும்."

மகள் டீவியின் சத்தத்தைக் குறைத்தாள். என் பக்கம் திரும்பி இருந்தாள்.

"எவ்வளவு தூரம் நடந்தீங்கள், அம்மா?"

"ஒரு மணித்தியாலம் இருக்கும். முதல்ல பிழையான பாதையில போயிட்டன்."

"தனியவோ?"

"தனியத்தான்."

"நீங்கள் கடைக்கே தனியப் போகமாட்டீங்களே."

எனக்கு அன்றைக்கு வேலை அதிகம், கால் இரண்டும் வீங்கியிருந்தன. அவள் என் காலைப் பார்த்தாள். எழும்பிப் போய் ஒரு குட்டிக் கதிரையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். காலை நீட்டினேன். அவள் திரும்பப் போய்த் தன் இடத்தில் இருந்துகொண்டு, டீவிக்காரர்கள் சொல்வதை விட்ட இடத்திலிருந்து எங்களுக்குச் சொல்லத் தொடங்கினாள்.

பிறகும் மனம் நொந்த நாட்களில் அந்த வசனத்தை அவள் சொன்னதுண்டு. அன்றைக்குச் சொல்லவில்லை.